குதிக்காலுக்குப் போன சீனி

எனக்கும் படிப்புக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் பேசி மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். ஆகையால் 'செல்ஃப் கெயார்' என்ற சொல் முதல் முறை காதில் விழுந்தபோது, கொழும்பு கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் ஓட்டுகிற எவனுக்கும் என்ன விளங்குமோ அதுதான் எனக்கும் விளங்கியது. எங்களுக்கு செல்ஃப் என்றால் ஒன்றுதான். சாவியைத் திருகியதும் கிர்ர் என்று எஞ்சினை எழுப்புகிற சாமான். அது செத்துப்போனால் வண்டியை நடுரோட்டில் தள்ளித்தான் எழுப்ப வேண்டும். அதைக் கவனமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல விஷயம்தானே.

சொன்னவர் எங்கள் லேனில் குடியிருக்கிற மிஸ். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். கிறிஸ்மஸுக்கு லேனில் நடக்கிற நத்தார் ஒன்றுகூடலுக்கும் அவர்தான் தலைவி. அவரை யார் தெரிவு செய்தார்கள் என்று கேட்கக்கூடாது, மழைக்காலத்தை யார் தெரிவு செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லையே. டிசம்பர் பிறந்ததும் லேன் குரூப்பில் அவருடைய குரல் வந்தது. ஸ்டாண்டில் ஹயருக்குக் காத்திருந்த நான் போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"லேன்ல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இந்த நத்தாருக்கு பலகாரத் தட்டு மாத்துறதை நிப்பாட்டுவம். வீட்டுக்கு வீடு சீனி வருத்தம், டயபிட்டீஸ். அதுக்குப் பதிலா ஒவ்வொரு வீடும் ஒரு செல்ஃப் கெயார் கிஃப்ட் கொண்டு வாங்கோ. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஆள் மாத்திக்கொள்ளுவம்."

பின்னேரம் மிஸ்ஸை லேன் முனையில் கண்டேன்.

"மிஸ், என்ட செல்ஃப் போன மாசம்தான் கழட்டிச் செய்தனான். கிஃப்ட் தாறதெண்டா பெற்றரியாப் பாத்துத் தாங்கோ."

மிஸ் என்னைப் பார்த்தார். வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கிற பார்வை. அது எனக்குப் பழக்கம்.

"அண்ணன், செல்ஃப் எண்டா நீங்க. உங்களை நீங்களே பாத்துக்கொள்றது."

"என்னையா?"

"ஓம். வாசனை மெழுகுதிரி ஒண்டு கொளுத்தி, காலுக்கு ஏதாவது பூசி, கொஞ்ச நேரம் அமைதியா இருக்கிறது."

"எங்கட வீட்டில கரண்ட் போனாத்தான் மிஸ் மெழுகுதிரி கொளுத்துறது. அந்த நேரம் ஒருத்தரும் அமைதியா இருக்கிறதில்ல."

மிஸ் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பலகாரத் தட்டு நிறுத்தம் என்ற பாதி என் மண்டையில் இன்னும் ஏறவில்லை. என் மண்டை எதையும் தவணை முறையில்தான் ஏற்றும்.

வீட்டில் என் மனைவி கதிரையில் ஏறி நின்று, பழம் ஊறப்போட்ட பெரிய கிண்ணத்தை அலுமாரிக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். நத்தார் கேக்குக்கு என்று முந்திரிகை வத்தல், சீனிப்பாகில் போட்ட பூசணித் தோசி, இஞ்சித் தோசி, செர்ரி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, பிராந்தி ஊற்றி மூடி வைத்திருந்த கிண்ணம். அதைத் தினமும் திறந்து மோந்து பார்ப்பது என் வேலை.

"ஏன் மேல வைக்கிற?"

"மிஸ் சொன்னதக் கேக்கலீங்களா? இந்த வருசம் தட்டு வேணாமாம்."

"அவங்க சொன்னா?"

"இருக்கட்டும்ங்க. சீனி வருத்தம்னா சீனி வருத்தந்தானே."

இருக்கட்டும் என்று சொன்ன முகம் இருக்கட்டும் என்கிற முகமாக இல்லை. அப்போதுதான் எனக்குப் பற்றத் தொடங்கியது.

என் மனைவி ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், சைவக்காரி. கிறிஸ்தவனான என்னைக் கட்டிக்கொண்டு இந்த வேதக்காரர் லேனுக்கு வந்தாள். வந்த முதல் நத்தாருக்கு எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் தட்டுப் போனது. எங்கள் வாசலுக்கு வந்தபோது மட்டும் தட்டுகளுக்குக் கால் முளைத்துத் தாண்டிப் போயின. யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "தோட்டத்துப் பிள்ளைதானே, அவைக்கு நத்தார் இல்லத்தானே" என்று இரக்கப்பட்டார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரன். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது?

அடுத்த வருஷம் அவளே கேக் போட்டாள். ரவையை எந்த நிறத்துக்கு வறுக்க வேண்டும், கஜுப் பருப்பை எவ்வளவு சிறிதாக வெட்ட வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பேக்கரி பாஸிடம் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் கேட்டுக்கேட்டுப் பழகினாள். எங்கள் வீட்டில் போறணை ஏது? அவருடைய போறணையில்தான் வேகவைத்தாள். ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, அதற்கு மேல் சிவப்பும் பச்சையுமான கலர்த்தாள் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கி, தட்டில் அடுக்கி, மேலே கஞ்சி போட்ட லேஸ் துணி மூடி எல்லா வீட்டுக்கும் அனுப்பினாள். தாண்டிப் போன வீடுகளுக்கும்தான். அந்தத் தட்டோடுதான் அவள் லேனுக்குள் வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'கேக் அக்கா'. சொந்தப் பெயர் லேனில் பாதிப் பேருக்குத் தெரியாது. சீனிக்கும் கேஸுக்கும் க்யூவில் நின்று செத்த வருஷத்திலும் அவள் தட்டை நிறுத்தவில்லை. துண்டை மட்டும் தீப்பெட்டியை விடச் சிறிதாக வெட்டினாள்.

அப்படிப்பட்டவளுடைய தட்டை ஒரு வாய்ஸ் மெசேஜில் நிறுத்திவிட்டார்கள்.

"நீ போடு," என்றேன். "யார் என்ன சொல்ற எண்டு பாப்பம்."

"வேணாம்னு சொன்னவங்க வீட்டுக்குத் தட்டத் தூக்கிட்டுப் போறதாங்க?" என்றாள். பிறகு கதிரையை விட்டு இறங்கிச் சொன்னாள்: "கேக் இல்லாட்டி நா வெறும் அக்காங்க."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். என் உடம்பின் அமைப்பு அப்படி.

இரண்டொரு நாளில் வெள்ளவத்தைக்கு ஒரு ஹயர் கிடைத்தது. ஆளை இறக்கிவிட்டு, காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில் கண்ணாடி போட்ட கிஃப்ட் கடை ஒன்றுக்குள் ஏறினேன். கேக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவர்கள் கேட்கிற சாமான் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கிற வீம்புதான். உள்ளே ஏசி. வாசனை ஒரேயடியாக, பூக்கடைக்குள் ஒரு ஆஸ்பத்திரியை நடத்துகிற மாதிரி. சாமான் காட்டிய பிள்ளைக்கு என் மகள் வயது இருக்கும்.

"யாருக்கு கிஃப்ட் அங்கிள்?"

"தெரியாது பிள்ளை. சீட்டில ஆர் விழுகினமோ அவைக்கு."

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

"லேன்."

அவள் ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தாள். உள்ளே மண்ணிறத்தில் ஈரமாக, பளபளவென்று, தொதல் அல்வாவுக்கும் எள்ளுப்பாகுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"இது எல்லாரும் வாங்குறவை. ஃபுட் ஸ்க்ரப். பிரவுண் சுகர், தேங்காய் எண்ணெய், கறுவாப்பட்டை, கொஞ்சம் தேன். எல்லாம் நெச்சுரல் அங்கிள், வீட்டில செய்தது."

"ஃபுட்டா?"

"ஓம், ஃபுட்."

இங்கேதான் நான் பள்ளிக்கூடத்தோடு செய்துகொண்ட பிரிவு எனக்கு வினையாக வந்தது. ஃபுட் என்றால் சாப்பாடு. இது கொழும்பில் நாய்க்கும் தெரியும், அதுவும் ஃபுட் சிட்டி சூப்பர்மார்க்கெட் வாசலில்தான் படுக்கிறது. சீனி, தேன், கறுவா, தேங்காய் எண்ணெய். வீட்டில் செய்தது வேறு. நீங்களே சொல்லுங்கள்.

"கொஞ்சம் டேஸ்ட் பண்ணலாமா?"

"தாராளமா அங்கிள், இது டெஸ்டர்தான்," என்று சொல்லிவிட்டுச் சின்னக் கரண்டி ஒன்றையும் நீட்டினாள். டேஸ்ட் அவள் காதில் டெஸ்ட் என்று விழுந்திருக்க வேண்டும், ஆனால் கரண்டியும் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

இரண்டாவது கரண்டி வாய்க்குள் போகும்போதுதான் அவள் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் சவர்க்காரம் மோந்துகொண்டிருந்த ஒரு அம்மா இரண்டடி தள்ளி நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை," என்றேன். "கொஞ்சம் கஜு போட்டிருக்கலாம்."

"அங்கிள், அது காலுக்கு."

"என்னது?"

"ஃபுட் அங்கிள், ஃபுட். கால். குதிக்கால்ல தேய்க்கிறது. வெடிப்பு இருந்தாப் போயிடும்."

வாய்க்குள் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, அப்படிப்பட்ட கடை அது. விழுங்கினேன். விழுங்கியதோடு சேர்ந்து விஷயமும் உள்ளே போனது. வாயால் சாப்பிட்டால் வருத்தம் என்று லேனில் தடை செய்த அதே சீனியை, லேஸ் துணிக்குக் கீழே வரக்கூடாது என்ற அதே சீனியை, தேனும் கறுவாவும் சேர்த்துப் பிசைந்து, ரிப்பன் கட்டி, குதிக்காலுக்குக் கொடுக்கிறார்கள். என் மனைவி க்யூவில் நின்று வாங்கிய சாமான். அதில் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தால் பழைய பழக்கம், காலில் அரைத்துத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைப் பீலிக்குள் விட்டால் கெயார்.

"பிள்ளை, வாய் தின்னக்கூடாது, கால் தின்னலாமா? கால் என்ன, வாயை விடப் பெரிய ஆளா? லேன் லேனா சீனியை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச போத்தல்ல அடைச்சு வச்சிருக்கிறியள்."

"அங்கிள், நான் இஞ்ச வேலைக்கு நிக்கிறனான்," என்றாள் அந்தப் பிள்ளை மெதுவாக. "என்னோட கோவிச்சு என்ன செய்யிறது?"

அதுவும் சரிதான். டெஸ்டரில் கரண்டி போட்டு வாயில் வைத்த பாவத்துக்காகப் புதுப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைக்கும் வாய் இனித்தது, மனது எரிந்தது, வயிறு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி போத்தலைத் திறந்து மோந்தாள்.

"இது நம்ம கேக்குக்குப் போடற சாமானுங்க."

"காலுக்காம். செத்த தோல் உரியுமாம்."

"கொழுந்தெடுக்கப் போனா அது சும்மாவே உரியுங்க," என்று சொல்லிவிட்டு மூடி வைத்தாள். சிரிக்கவில்லை. மற்ற நேரமாக இருந்தால் நான் அதைத் தின்ற கதைக்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு மிஸ் வீட்டுக்கு நடந்தேன்.

மிஸ் வாசலைத் திறந்தார். உள்ளே ஹோலில் அவருடைய கணவர் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சீனி வருத்தத்தில் இந்த வருஷம் ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதே என் த்ரீவீல்தான்.

"மிஸ், இதைப் படியுங்கோ. முதலாவதா என்ன எழுதியிருக்கு?"

மிஸ் லேபலைப் பார்த்தார். "பிரவுண் சுகர்."

"சீனி. சீனி வேணாமெண்டு எங்கட வீட்டுத் தட்டை நிப்பாட்டினீங்க. இந்தச் சீனி மட்டும் எந்த வாசலால உள்ளுக்கு வந்தது?"

நான் இன்னும் நிறைய வைத்திருந்தேன். வரும் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் மிஸ் படியில் இறங்கி, கதவைப் பின்னால் சாத்தினார்.

"அண்ணன், போன நத்தாருக்கு இவர் என்ன செய்தவர் தெரியுமா? உங்கட வைஃப்ட கேக்கை எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டவர். எங்கட தட்டு முடிய, மற்ற வீடுகள்ள போய் அவைக்கு வந்ததையும் கேட்டு வாங்கினவர். கழுவப் போட்ட சேட் பொக்கட்டெல்லாம் சிவப்புத் தாள், பச்சைத் தாள். அதுக்குப் பிறகுதான் கால்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கேக்கில ஒரு பிழையும் இல்ல."

"நீங்க பேசாம இருங்கோ," என்றார் மிஸ், திரும்பாமலே.

எனக்கு அதோடு கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"இதை அவவிட்ட வந்து சொல்லியிருக்கலாமே மிஸ்."

"என்னெண்டு சொல்ற? உங்கட கேக்காலதான் இவருக்கு விரல் போனதெண்டா? அது பாவம். அதான் எல்லாருக்கும் பொதுவாச் சொன்னனான்."

"பொதுவா எங்க மிஸ் சொன்னீங்க? லேன்ல கையால செய்து தட்டு அனுப்புறது இப்ப எங்கட வீடு மட்டும்தான். மற்றவை எல்லாம் கடையில வாங்கின பிஸ்கட்டைத் தட்டில கொட்டுறவை. அவைக்கு நிப்பாட்டினா என்ன, நிப்பாட்டாட்டி என்ன? ஊருக்குச் சொன்ன மாதிரிச் சொல்லி ஒரு வீட்டுக்குத்தான் அடிச்சிருக்கிறீங்க. அதுவும் முகத்தைப் பாக்காம."

மிஸ் கையில் இருந்த போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து நின்றால் எப்படிப் பார்ப்பதென்று அவருக்குப் பழக்கமில்லை போலும். நான் கம்பீரமாகத் திரும்பி நடந்தேன். பாதி வழியில்தான் போத்தலை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. சண்டைக்குப் போய் பரிசு கொடுத்துவிட்டு வருகிறவன் கொழும்பில் நான் ஒருவன்தான்.

விரல் கதையை மனைவிக்குச் சொல்வதில்லை என்று முடிவு எடுத்தேன். அந்த முடிவு மதியச் சோறு வரைக்கும் நின்றது. இரண்டாம் முறை பருப்பு ஊற்றும்போது சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அகப்பையைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில் நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த ஐயா பொக்கட்ல ஒளிச்சு வச்சுத் திங்கறாருன்னு என்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்கு நா வேற செஞ்சிருக்க மாட்டேனா? நா என்ன, ஊர்ல இருக்கவங்க கால் வெரல எடுக்கறதுக்கா கேக் போட்டேன்?"

"அதைத்தான் நானும் மிஸ்ஸிட்டச் சொன்னனான்."

"நீங்க யாரு சொல்றதுக்கு? உங்கள யாரு அனுப்புனா?" என்றாள். அவளுக்காக நான் கோபப்பட்டதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

அன்று பின்னேரமே கதிரை போட்டுக் கிண்ணத்தை இறக்கினாள். ரவை வறுபட்ட வாசனையில் லேன் நாய்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தன. ட்ரேயை த்ரீவீலில் வைத்துப் பேக்கரிக்குக் கொண்டு போனேன். பாஸ் போறணையைத் திறந்துகொண்டே, "அய்யே, மே பார பறக்குய் நேத?" என்று கேட்டார், இந்த முறை பிந்திவிட்டதாம். அவருக்கு முழுக் கதையையும் சிங்களத்தில் சொன்னேன். குதிக்கால் வந்த இடத்தில் அவர் சிரித்ததில் ட்ரே சாய்ந்துவிட்டது.

நத்தாருக்கு முந்தின நாள் எல்லாத் தட்டும் தயார். மிஸ் வீட்டுத் தட்டில் மட்டும் கேக் இல்லை. கொண்டைக்கடலையை அவித்து, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சொட்டும் போட்டு மொறுமொறுவென்று வறுத்திருந்தாள். அவளுடைய தோட்டத்து வீட்டில் செய்கிற சாமான். இந்த லேனுக்கு அதை அவள் ஒரு நாளும் அனுப்பியதில்லை. கேக்தான் அனுப்ப வேண்டும் என்று எவரோ சட்டம் போட்ட மாதிரி இத்தனை வருஷமும் இருந்திருக்கிறாள். அந்தக் கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய்த்தாளில் வைத்து, மேலே சிவப்பும் பச்சையுமான கலர்த்தாள் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கினாள்.

"கடலைக்கு எதுக்குக் கலர்த்தாள்?"

"பொக்கட்ல ஒளிக்கறதுக்குங்க. ஒளிச்சுத் திங்கறதுலதான் அவருக்கு ருசி. அத ஏன் கெடுக்கணும்?"

மற்ற வீடுகளுக்கு வழக்கம்போல நான் கொண்டு போனேன். ஒரு வீடும் திருப்பி அனுப்பவில்லை. சீனி வருத்தக்காரர்கள் எல்லாம் இரண்டு கையாலும் வாங்கினார்கள். மிஸ் வீட்டுக்கு அவளே போனாள். லேஸ் துணியை நேராக்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. சண்டை வந்தால் உதவட்டும் என்று நானும் பின்னால் போனேன்.

மிஸ் கதவைத் திறந்தார்.

"மிஸ், இது ஐயாவுக்கு. சீனி இல்ல," என்றாள் என் மனைவி. "இனிமே எதுனாச்சும் இருந்தா என்கிட்டயே வந்து சொல்லுங்க மிஸ். போன்ல வேணாம். நா இந்தா இங்கிட்டுத்தானே இருக்கேன்."

மிஸ் துணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முறுக்கை அவிழ்த்தார். கடலையைக் கண்டதும் அவருடைய வாய் கோணியது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "வந்திருக்க வேணும் அக்கா," என்றார். "பயத்தில வரேல்ல." பிறகு, "உள்ளுக்கு வாங்கோ," என்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் லேனில் அந்தப் பெயரை வேறொருவர் வாயில் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே. ஃபுட் ஸ்க்ரப் தின்றவன் நான், கடையில் சத்தம் போட்டவன் நான், வாசலில் நியாயம் கேட்டவன் நான். ஒரு பிளேன்டீ குடிக்கிறீங்களா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. என் சேட் பொக்கட்டுக்குள் எனக்கென்று எடுத்து வைத்த ஒரு துண்டு கேக் மட்டும் இருந்தது.

யன்னல் பக்கம் சத்தம் கேட்டது. மிஸ்ஸின் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் கடலை.

"தம்பி," என்றார் மெல்ல. "கடலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ கேக்கும் போட்டவதானே? ஒரு துண்டு இருக்கா?"

என் பொக்கட்டிலிருந்து சிவப்புத் தாள் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த ஆளுக்காக ஒரு லேனே சண்டை பிடிக்க, ஒரு பெண் கடலைக்குக் கலர்த்தாள் சுற்ற, இவர் கம்பிக்குள்ளால் கை நீட்டுகிறார்.

"ஐயா, போன முறை உங்கட ஒரு விரலோட ஆஸ்பத்திரிக்குப் போய், அது இல்லாமத் திரும்பி வந்தனாங்கள். இன்னொரு ஹயர் நான் வரமாட்டன்."

"ஒரு கடி தம்பி."

இல்லை என்று பொய் சொல்லவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. தாளை உரித்து, முழுத் துண்டையும் அவர் கண் முன்னாலேயே என் வாய்க்குள் போட்டேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீயெல்லாம் ஒரு வேதக்காரனா?" என்று கேட்டுவிட்டு யன்னலைச் சாத்தினார். வாய் நிறையக் கேக் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.